வாக்குத் தவறலாமா? அமெரிக்கத் தேர்வாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பரில் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்கள் அல்லர். டிசம்பரில் அந்தந்த மாகாணத்தில் கூடிச் சீட்டெழுதும் 538 பேர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்கள் சொன்னதைத்தான் இவர்கள் எழுத வேண்டுமா, தங்கள் மனத்துக்குப் பட்டதை எழுதலாமா என்ற சச்சரவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் பாதிதான் தீர்ந்திருக்கிறது.

தேர்வாளர்கள் என்பவர்கள் யார்?

கட்சிக்காரர்கள். ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு கட்சியும் தனக்கென ஒரு பட்டியல் தயாரிக்கிறது. கட்சிக்கு நெடுங்காலம் உழைத்தவர்கள், உள்ளூர் நிர்வாகிகள், மாகாண அளவிலான தலைவர்கள் அதில் இடம்பெறுவார்கள். செனட், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் மத்திய அரசில் பதவி வகிப்பவர்களும் தேர்வாளராகக் கூடாது என்று அரசியலமைப்பே தடுத்திருக்கிறது.

ஒரு மாகாணத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அதனுடன் செனட்டின் இரண்டு இடங்களைக் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை வரும். தலைநகர் வாஷிங்டனுக்கு 1961ஆம் ஆண்டின் 23ஆவது திருத்தம் மூன்று பேரைக் கொடுத்தது. ஆக மொத்தம் 538, வெற்றிக்கு 270. வாக்காளர் சீட்டில் வேட்பாளர் பெயருக்கு நேரே குறியிடுகிறார். சட்டப்படி அவர் தேர்ந்தெடுப்பது அந்த வேட்பாளருக்காக நிற்கும் தேர்வாளர் பட்டியலை. பெரும்பாலான மாகாணங்களில் அந்தப் பெயர்கள் சீட்டில் அச்சாவதுகூட இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள். என் கருத்து முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

‘வாக்குத் தவறிய தேர்வாளர்’ என்றால் என்ன?

தன் கட்சி வேட்பாளருக்கு எழுதுவேன் என்று ஒப்புக்கொண்டு பட்டியலில் இடம்பிடித்து, டிசம்பரில் வேறொருவர் பெயரை எழுதுபவர். வாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் ஓட்டு என்றும் பொருள், கொடுத்த சொல் என்றும் பொருள். இந்த விவகாரத்தில் இரண்டும் ஒன்றாகவே தவறுகின்றன.

இவர்களைச் சிந்திப்பதற்காகத்தானே அரசியலமைப்பை எழுதியவர்கள் ஏற்படுத்தினார்கள்?

அவர்களில் சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதியதைப் படித்தால், விவரமறிந்த சிலர் ஒன்றுகூடி, பரபரப்புக்கு இடம் கொடுக்காமல், நிதானமாக ஆராய்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பது போன்ற சித்திரம்தான் கிடைக்கும். ஆனால் அந்தச் சித்திரத்தை அவர் அரசியலமைப்பின் வாசகத்துக்குள் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டமன்றம் கூறும் முறைப்படி தேர்வாளர்களை நியமிக்கும், அவர்கள் தங்கள் மாகாணத்தில் கூடிச் சீட்டு மூலம் வாக்களிப்பார்கள்.

கட்சிகள் தலையெடுத்ததும் அந்தச் சித்திரம் கலைந்தது. 1796இல் பென்சில்வேனியாவில் ஃபெடரலிஸ்ட் கட்சியின் தேர்வாளராக வந்த சாமுவேல் மைல்ஸ், ஜான் ஆடம்ஸுக்குப் பதிலாகத் தாமஸ் ஜெஃபர்சனுக்கு வாக்களித்தார். வாக்காளர் ஒருவர் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார்: மைல்ஸை நான் தேர்ந்தெடுத்தது எனக்காகச் செயல்படத்தான், எனக்காகச் சிந்திக்க அல்ல என்று. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. அதற்குள்ளேயே மக்கள் தேர்வாளரை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நம் மரபில் தூதரை இரு வகையாகப் பிரிப்பார்கள்: தானே வகுத்துக் கூறுபவர், கூறியதைக் கூறுபவர். முதல் வகையினருக்கு அறிவும் அதிகாரமும் வேண்டும். இரண்டாம் வகையினருக்கு நேர்மை போதும். ஹாமில்டன் மனத்தில் இருந்தது முதல் வகை. நாடு நடைமுறையில் உருவாக்கிக்கொண்டது இரண்டாம் வகை. நீதிமன்றங்களில் நடந்த வாதம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

இதுவரை எத்தனை பேர் வாக்குத் தவறியிருக்கிறார்கள்?

23,000க்கும் மேற்பட்ட தேர்வாளர் வாக்குகளில் ஏறக்குறைய 180. நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாத அளவு. அதிலும் மூன்றில் ஒரு பங்கு 1872இல் நிகழ்ந்தது. அதற்குத் தனிக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். எந்த அதிபர் தேர்தலின் முடிவையும் இவர்கள் மாற்றியதில்லை. 1836இல் மட்டும் வர்ஜீனியாவின் 23 தேர்வாளர்கள் துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் ஜான்சனுக்கு எழுத மறுத்ததால், அவரைச் செனட் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாமே கொள்கைப் போராட்டமும் அல்ல. 2004இல் மினசோட்டாவில் ஒரு தேர்வாளர் அதிபருக்கான சீட்டில், கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான ஜான் எட்வர்ட்ஸின் பெயரை எழுதினார். அதையும் ஓர் எழுத்தை விட்டுவிட்டு ‘எவர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தார். சீட்டில் கையெழுத்துக் கிடையாது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஜான் கெர்ரிக்குச் சேர வேண்டிய ஒரு வாக்கு அந்த ஒற்றைத் தாளில் காணாமல் போயிற்று. ஒரு தேர்வாளர் வாக்குக்குப் பின்னால் பல லட்சம் மக்கள் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய பிழை அல்ல.

2016இல் என்ன நடந்தது?

டொனால்டு டிரம்புக்கு 306 தேர்வாளர்கள், ஹிலாரி கிளிண்டனுக்கு 232 என்று தேர்தல் முடிந்தது. மக்கள் வாக்கில் ஹிலாரி ஏறத்தாழ 29 லட்சம் அதிகம் பெற்றிருந்தார். அப்போது ஜனநாயகக் கட்சித் தேர்வாளர்கள் சிலர் ஒரு திட்டம் தீட்டினார்கள். குடியரசுக் கட்சித் தேர்வாளர்களில் 37 பேரைப் பிரித்துவிட்டால் டிரம்ப் 269இல் நின்றுவிடுவார். அவர்களுக்கு வழிகாட்டுவதற்காகத் தாங்களும் ஹிலாரியை விட்டுவிட்டு, மிதவாதக் குடியரசுக் கட்சியினர் ஒருவருக்கு எழுதுவது என்று முடிவு செய்தார்கள்.

டிசம்பர் 19 அன்று வாஷிங்டன் மாகாணத்தின் (தலைநகர் வாஷிங்டன் வேறு) 12 தேர்வாளர்களில் மூவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பெயரை எழுதினார்கள். ஒருவர் பூர்வகுடித் தலைவர் ஃபெய்த் ஸ்பாட்டட் ஈகிள் பெயரை எழுதினார். மாகாணம் நால்வருக்கும் தலா 1,000 டாலர் அபராதம் விதித்தது. அதே நாளில் கொலராடோவில் மைக்கேல் பாகா என்ற தேர்வாளரிடம் கொடுக்கப்பட்ட சீட்டில் ஹிலாரியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் அதை அடித்துவிட்டு, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் கேசிக்கின் பெயரை எழுதினார். தேர்தல் அதிகாரி அந்தச் சீட்டை ஏற்காமல், அவரைப் பதவியிலிருந்து நீக்கி, மாற்று ஆளை அமர்த்தி ஹிலாரிக்கு வாக்குப் பெற்றார்.

டெக்ஸாஸில் டிரம்பை விட்டு இருவரும், ஹவாயில் ஹிலாரியை விட்டு ஒருவரும் விலகினார்கள். கடைசிக் கணக்கு 304க்கு 227.

அச்சிட்ட பெயர், அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் கையால் எழுதிய இன்னொரு பெயர்: இந்த ஒரு தாளைக் கொண்டு இருநூறு ஆண்டு வாதத்தையும் விளக்கிவிடலாம். அச்சிட்ட பெயர் கொலராடோ மக்களுடையது. கையெழுத்து ஒரு தனிமனிதருடையது. எது செல்லும்?

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

அச்சிட்ட பெயர்தான் செல்லும் என்றது. வாஷிங்டன் வழக்கு அந்த மாகாண உச்ச நீதிமன்றத்தில் 2019இல் மாகாணத்துக்குச் சாதகமாக முடிந்தது. கொலராடோ வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமோ அதே ஆண்டு தேர்வாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை இருக்க முடியாது என்பதால் உச்ச நீதிமன்றம் இரண்டையும் எடுத்தது. 2020 ஜூலை 6 அன்று ‘சியாஃபலோ எதிர் வாஷிங்டன்’ வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் மாகாணத்தின் பக்கம் நின்றார்கள். கொலராடோ வழக்கும் அதே நாளில் அதே வழியில் முடிந்தது.

தேர்வாளர்கள் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக். அவர்களின் வாதம் சொற்களில் ஊன்றி நின்றது. ‘தேர்வாளர்’, ‘வாக்களித்தல்’, ‘சீட்டு’ என்ற சொற்களுக்குள்ளேயே சுதந்திரம் அடங்கியிருக்கிறது; ஒருவர் கையைப் பிடித்து எழுத வைத்தால் அது வாக்களிப்பது ஆகாது என்றார்கள். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். தீர்ப்பை எழுதிய நீதிபதி எலினா கேகன் அதற்கு நேரடியாகவே பதில் சொன்னார்: வாழ்க்கைத் துணையோ பாதிரியாரோ தொழிற்சங்கமோ சொல்கிறபடியே எப்போதும் வாக்களிப்பவரும் வாக்களிப்பவர்தான். நியமிக்கும் அதிகாரம் மாகாணத்துக்கு இருக்கிறதென்றால் நிபந்தனை போட்டு நியமிக்கும் அதிகாரமும் இருக்கிறது. தொடக்க காலத்திலிருந்தே தேர்வாளர்கள் மக்கள் விருப்பத்தை எடுத்துச் செல்பவர்களாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் முடிவை ஏற்றுக்கொண்டு காரணத்தில் மாறுபட்டார். அரசியலமைப்பு இதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சொல்லாத அதிகாரம் பத்தாவது திருத்தப்படி மாகாணங்களுக்கே மிச்சம் என்பது அவர் வழி.

1952இலேயே அலபாமாவிலிருந்து வந்த ‘ரே எதிர் பிளேர்’ வழக்கில், தேர்வாளராக விரும்புகிறவரிடம் கட்சி உறுதிமொழி கேட்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. உறுதிமொழியை மீறினால் தண்டிக்கலாமா என்பதை அப்போது தொடவில்லை. அந்த இடைவெளியைத்தான் 2020 தீர்ப்பு நிரப்பியது.

அப்படியென்றால் இனி எந்தத் தேர்வாளரும் வாக்குத் தவற முடியாதா?

முடியும். தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். மாகாணம் கட்டுப்படுத்தலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தீர்ப்பு வந்தபோது 32 மாகாணங்களிலும் தலைநகரிலும் உறுதிமொழிச் சட்டம் இருந்தது. அவற்றில் மீறினால் என்ன ஆகும் என்று சொல்லி, தண்டனையோ மாற்று ஏற்பாடோ வைத்திருந்த மாகாணங்கள் 15 மட்டுமே.

அபராதம் விதிக்கிற சட்டத்தைவிட, ஆளையே மாற்றுகிற சட்டம் நல்லது. ஏனென்றால் அபராதம் கட்டியவரின் வாக்கு எண்ணிக்கையில் அப்படியே நிற்கிறது. காலின் பவலுக்கு விழுந்த மூன்று வாக்குகளும் இன்றும் அதிகாரபூர்வக் கணக்கில் இருக்கின்றன. ஒரே மாதிரிச் சட்டங்களை வரைந்து மாகாணங்களுக்குப் பரிந்துரைக்கும் ஆணையம் 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது: மாற்றி எழுதிய சீட்டைக் கொடுக்கும் கணமே அந்தத் தேர்வாளர் பதவி விலகியதாகக் கொள்ளப்படுவார், மாற்று ஆள் வந்து எழுதுவார். வாஷிங்டன் மாகாணமே 2019இல் அபராதத்தைக் கைவிட்டு இந்த வழிக்கு வந்துவிட்டது.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி மாறி வாக்களிக்கிறார்களே? இங்கே மட்டும் ஏன் தவறு?

நல்ல கேள்வி. இந்தியாவில் அந்த வாக்கு ரகசியம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவு அங்கே செல்லாது. 1969இல் வி.வி.கிரி வென்றதே மனசாட்சி வாக்கால்தான். ஆனால் அங்கே வாக்களிப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். மக்கள் அவர்களை அவர்கள் பெயரிலேயே, தங்களுக்காக முடிவெடுக்கட்டும் என்றே அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கத் தேர்வாளருக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் மக்கள் தங்கள் மனசாட்சியை ஒப்படைத்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

வேட்பாளர் இறந்துவிட்டால்?

எனக்குக் கவலை தரும் கேள்வி இதுதான். 1872 நவம்பர் 29 அன்று, மக்கள் வாக்களித்து முடிந்து தேர்வாளர்கள் கூடுவதற்கு முன்னால், தோற்ற வேட்பாளர் ஹொரஸ் கிரீலி இறந்துபோனார். அவருக்காக வந்த 66 தேர்வாளர்களில் 63 பேர் வேறு பெயர்களுக்குச் சிதறினார்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த மூவர் மட்டும் இறந்தவர் பெயரையே எழுதினார்கள். அந்த மூன்று வாக்குகளையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணவில்லை.

அன்று இறந்தவர் தோற்றவர் என்பதால் நாடு தப்பித்தது. வென்றவர் இறந்தால்? அதிபராக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியேற்பதற்கு முன் இறந்தால் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொறுப்பேற்பார் என்று 20ஆவது திருத்தம் சொல்கிறது. நவம்பர் வாக்கெடுப்புக்கும் டிசம்பர் கூட்டத்துக்கும் இடைப்பட்ட வாரங்களுக்கு அப்படித் தெளிவான விதி இல்லை. கட்சியின் தேசியக் குழு வேறொருவரை முன்மொழியலாம். ஆனால் மாகாணச் சட்டம் பழைய பெயரை எழுதச் சொல்லிக் கட்டியிருந்தால் தேர்வாளர் என்ன செய்வார்? கலிஃபோர்னியாவின் சட்டம், அதிபர், துணை அதிபர் ‘வேட்பாளர்கள் இருவரும் உயிருடன் இருந்தால்’ என்று முன்னெச்சரிக்கையாக எழுதியிருக்கிறது. எல்லா மாகாணங்களும் அப்படி எழுதவில்லை. நீதிபதி கேகனும் தம் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், இறந்த வேட்பாளருக்கு எழுதும்படி கட்டாயப்படுத்த இந்தத் தீர்ப்பு அனுமதி தருவதாகக் கொள்ள வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். வேட்பாளர்கள் எழுபது, எண்பது வயதில் போட்டியிடும் காலத்தில் இந்த ஓட்டையை இப்படியே விட்டு வைப்பது பொறுப்பல்ல.

2020க்குப் பிறகு வந்த ‘போலித் தேர்வாளர்’ விவகாரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. வாக்குத் தவறியவர் முறையாக நியமிக்கப்பட்டவர்; மாற்றி எழுதுகிறார், அவ்வளவுதான். 2020 டிசம்பரில் ஏழு மாகாணங்களில் நடந்தது வேறு: மாகாணம் நியமிக்காதவர்கள் தாங்களே தேர்வாளர்கள் என்று சான்றிதழில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். காங்கிரஸ் வாக்குகளை எண்ணிய 2021 ஜனவரி 6 அன்று துணை அதிபர் மைக் பென்ஸ் அவற்றை ஏற்க மறுத்தார். நாடாளுமன்றக் கட்டடத்தில் அன்று நடந்த வன்முறையை உலகமே பார்த்தது.

அதன் பிறகு சட்டம் மாறியதா?

மாறியது. 1876 தேர்தல் குழப்பத்துக்குப் பின் 1887இல் இயற்றப்பட்ட பழைய எண்ணிக்கைச் சட்டத்தை, 2022 டிசம்பரில் இரு கட்சிகளும் சேர்ந்து திருத்தி எழுதின. துணை அதிபரின் வேலை உறைகளைத் திறப்பதும் சபையை நடத்துவதும் மட்டுமே. எதையும் தள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை. முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் கையெழுத்திட்டாலே ஆட்சேபம் விவாதத்துக்கு வந்துவிடும். இப்போது இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும். தேர்தல் நாளுக்கு முன் இருந்த மாகாணச் சட்டப்படிதான் தேர்வாளரை நியமிக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று சட்டமன்றம் பிறகு விதியை மாற்ற முடியாது.

இந்தப் புதிய சட்டத்தின் முதல் பரீட்சையை நடத்தியவர் அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸ். 2025 ஜனவரி 6 அன்று, செனட்டின் தலைவர் என்ற முறையில், டிரம்புக்கு 312, தமக்கு 226 என்று அவரே அறிவித்தார். ஓர் ஆட்சேபம்கூட எழவில்லை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அவர் வெற்றிக்காகப் பூசை செய்தவர்களுக்கு அந்தக் காட்சி வலித்திருக்கும். என் மனத்தில் அவர் உயர்ந்து நின்றது அன்றுதான்.

ஆனால் வாக்குத் தவறியவர் விஷயத்தில் இந்தச் சட்டமும் மௌனம் சாதிக்கிறது. ‘முறைப்படி அளிக்கப்படாத’ வாக்கை ஆட்சேபிக்கலாம் என்ற பழைய சொற்றொடர் அப்படியே நீடிக்கிறது. 1968 டிசம்பரில் வட கரோலினாவின் ஒரு தேர்வாளர் நிக்சனுக்குப் பதில் ஜார்ஜ் வாலஸுக்கு எழுதியபோது, 1969 ஜனவரியில் இந்தச் சொற்றொடரைக் காட்டித்தான் ஆட்சேபித்தார்கள். இரு அவைகளும் விவாதித்து, அந்த வாக்கு செல்லும் என்றே முடிவு செய்தன.

தேசிய மக்கள் வாக்கு ஒப்பந்தம் என்கிறார்களே, அது இதைத் தீர்க்குமா?

அது வேறு நோய்க்கான மருந்து. நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவரின் தேர்வாளர் பட்டியலையே நியமிப்போம் என்று மாகாணங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. 2007இல் மேரிலாந்து தொடங்கியது. 2024இல் மேய்ன் சேர்ந்தபோது 17 மாகாணங்களும் தலைநகரும் சேர்ந்து 209 தேர்வாளர்கள் ஆனார்கள். 270ஐ எட்டினால்தான் நடைமுறைக்கு வரும்.

எட்டிய மறுநாளே வழக்கு வரும். மாகாணங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்ய காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. மத்திய அதிகாரத்தில் கை வைக்கும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று 1893லிருந்து நீதிமன்றம் விளக்கம் சொல்லி வருகிறது. சியாஃபலோ தீர்ப்பை இரு தரப்பும் தங்களுக்கே சாதகமாகக் காட்டுகின்றன: நியமன அதிகாரம் மிகப் பரந்தது என்ற வரியை ஒரு தரப்பு, அரசியலமைப்பின் வேறு தடை இல்லாதவரை என்ற வரியை மறு தரப்பு.

ஒரு மாகாணத்தின் எல்லாத் தேர்வாளர்களும் அங்கே வென்றவருக்கே என்ற முறையை நீதிமன்றம் மாற்றுமா?

வாய்ப்பு மிகக் குறைவு. வழக்குகள் பல போடப்பட்டுத் தோற்றிருக்கின்றன. மேய்னும் நெப்ராஸ்காவும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. அது செல்லும் என்று மிச்சிகன் வழக்கில் 1892இலேயே தீர்ப்பு உண்டு. ஆகவே எந்த முறை என்பது அந்தந்தச் சட்டமன்றத்தின் கையில்.

தேர்வாளரையே நீக்கிவிட்டால் என்ன?

நான் வேண்டுவது அதுதான். 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் முன்வைத்த யோசனை எளிமையானது: மாகாணங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும், ஆனால் நடுவில் ஓர் ஆள் வேண்டாம், மக்கள் வாக்கு எண்ணி முடிந்ததும் மாகாணத்தின் கணக்கு தானாகவே வென்றவருக்குச் சேரட்டும். சிறிய மாகாணங்களுக்கு இதில் இழப்பில்லை, கட்சிகளுக்கும் இல்லை. அப்படியிருந்தும் நிறைவேறவில்லை. நேரடி மக்கள் வாக்கையே கொண்டுவரும் பெரிய திருத்தம் 1969இல் பிரதிநிதிகள் சபையில் பெரும் ஆதரவுடன் நிறைவேறி, 1970இல் செனட்டில் பேசிப் பேசியே முடக்கப்பட்டது.

அரசியலமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கும், பிறகு 38 மாகாணங்களும் வேண்டும். மலைப்பான வேலைதான். அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தானாகச் செய்யக்கூடியது இரண்டு. மாற்றி எழுதும் தேர்வாளரை அந்த இடத்திலேயே மாற்றும் சட்டம் ஒன்று. வேட்பாளர் இறந்தால் என்ன என்று தெளிவாகச் சொல்லும் விதி மற்றொன்று. இரண்டுக்கும் மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. அந்தந்த மாகாணத்தில் ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடர் போதும்.

தேர்வாளர்கள் அடுத்து எப்போது கூடுகிறார்கள்?

புதிய சட்டப்படி டிசம்பரின் இரண்டாம் புதன்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய். 2028இல் அது டிசம்பர் 19.